கியர் லீவரின் ஆட்டம்: கிள்ளான் பள்ளத்தாக்கு லோரிப் பட்டறைகளின் வரலாறு

லோரியின் கியர் லீவர் ஒரே நாளில் தளர்ந்துவிடுவதில்லை. லீவரின் அடியில் இருக்கும் உருண்டை, அது அமரும் கிண்ணம், இணைப்புக் கம்பிகளின் முனைகள், அவற்றைத் தாங்கும் சிறு புஷ்கள் எல்லாம் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் உரசுகின்றன. ஆண்டுக்கணக்கில் உரசித் தேய்ந்த பிறகு, நியூட்ரலில் நிற்கும் லீவர் முன்பைவிட அதிகமாக அசையத் தொடங்கும். நாளடைவில் இரண்டாம் கியர் எங்கே, நான்காம் கியர் எங்கே என்று கைக்கே பிடிபடாமல் போகும். பட்டறைப் பேச்சில் இதற்குப் பெயர் ‘ஆட்டம்’.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த ஆட்டத்தைத் தீர்க்கும் வேலை லோரியோடு சேர்ந்தே வந்தது. ஓட்டுநரின் கைக்கும் கியர் பெட்டிக்கும் இடையில் இருந்த தூரம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு மாறியது. தூரம் மாறியபோது தேயும் உறுப்பும் மாறியது. அதைச் சரிசெய்தவர்களின் கைத்தொழிலும் கூடவே மாறியது. செந்தூல் ரயில்வே பட்டறையிலிருந்து கிள்ளான் துறைமுகத்தைச் சுற்றியுள்ள உதிரிபாகக் கடைகள்வரை, ஒரு வட்டாரத்தின் தொழில்திறன் வளர்ந்த வழியை இந்தச் சிறு பழுதின் வரலாற்றில் காணலாம்.

மாட்டுவண்டியும் ரயிலும்

1881இல் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. அத்தாப்புக் கூரைகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரம் மீண்டும் கட்டப்பட்டது. செங்கல் சூளைகள் இருந்த பகுதியே பின்னர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆனது. அக்காலத்தில் செங்கல்லையும் ஈயத்தையும் அரிசியையும் தரைவழியே சுமந்தவை மாட்டுவண்டிகள். வண்டியோட்டிகளில் தமிழரும் சீக்கியரும் பலர்.

1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவரை ரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் ஆற்றின் மீது பாலம் அமைந்து பாதை கிள்ளான் நகரை எட்டியது. பின்னர் பாதை கடலைத் தொட்டது; 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இந்தத் துறைமுகமே 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் கிள்ளான், காப்பார் வட்டாரத் தோட்டங்களில் குடியேறினர். ரயில்வேயிலோ தண்டவாளப் பணியிலும் பட்டறையிலும் தமிழ்நாட்டுத் தமிழரும், எழுத்தர் பணிகளிலும் நிலைய அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழரும் பெருமளவில் சேர்ந்தனர். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகள் வரிசையாக எழுந்தன.

ரயில் நிலையத்திலிருந்து தோட்டத்துக்கும், சுரங்கத்திலிருந்து நிலையத்துக்கும் சரக்கைக் கொண்டுசெல்ல வேறொரு வாகனம் வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் லோரி நுழைந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு அதன் எண்ணிக்கை பெருகியது. 1930களில் ரயில்வேயின் சரக்கு வருமானத்தையே லோரிகள் பறிப்பதாக அரசு கவலைப்படும் அளவுக்கு நிலைமை மாறியது.

செந்தூலும் சான் சோவ் லின் சாலையும்

லோரி வந்தபோது அதைப் பழுதுபார்க்கும் கைகள் இங்கே ஏற்கெனவே இருந்தன. அவை இரண்டு இடங்களில் பழகியவை.

ஒன்று செந்தூல். கூட்டு மலாய் மாநில ரயில்வேயின் மையப் பட்டறை 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அங்கே அமைந்தது. நீராவி எஞ்சினைப் பிரித்து மீண்டும் பூட்டும் அந்தப் பட்டறையில் ஃபிட்டர், டர்னர், கொல்லர், கொதிகலன் தொழிலாளி, வார்ப்பாளர் என்று தொழில் வாரியாகப் பிரிவுகள் இருந்தன. தேய்ந்த புஷ்ஷைத் தட்டி எடுப்பது, அச்சின் விட்டத்தை அளப்பது, அதற்கேற்பப் புதிய புஷ்ஷை லேத்தில் கடைவது ஆகியவை அங்கே அன்றாட வேலை. எஞ்சினின் இணைப்புக் கம்பிக்குச் செய்ததைச் சிறிய அளவில் செய்தால் அதுவே லோரியின் கியர் இணைப்புக்கான மராமத்து. செந்தூலைச் சுற்றித் தமிழ்க் குடியிருப்புகள் வளர்ந்ததற்கும் இந்தப் பட்டறையே காரணம்.

மற்றொன்று சீனர்களின் இரும்பு வார்ப்பாலைகள். ஈயச் சுரங்கங்களுக்கு வேண்டிய பம்புகளையும் இயந்திர உறுப்புகளையும் வார்த்துக் கொடுத்த தொழில் அது. அதன் முன்னோடியான சான் சோவ் லின்னின் பெயரைத் தாங்கும் சாலை இன்றும் கோலாலம்பூரின் வார்ப்பாலை, வாகனப் பட்டறை வட்டாரமாக விளங்குகிறது. விற்பனைப் பக்கத்திலும் நகரம் முந்திக்கொண்டது. சுவா சகோதரர்கள் 1899இல் கோலாலம்பூர் ஹை ஸ்திரீட்டில் தொடங்கிய சைக்கிள் அண்ட் கேரியேஜ் நிறுவனம் பின்னர் மோட்டார் வாகன வணிகத்தில் இப்பகுதியின் பெரும் பெயராயிற்று.

பெரிய ரப்பர்த் தோட்டங்களும் தமக்கென்று பட்டறை வைத்திருந்தன. தொழிற்சாலை எஞ்சின், டிராக்டர், லோரி மூன்றையும் பார்த்துக்கொள்ளும் சிறு பட்டறை அது. 1917இல் கோலசிலாங்கூர் அருகே தென்னமரம் தோட்டத்தில் செம்பனை எனப்படும் எண்ணெய்ப் பனை வணிக முறையில் பயிரிடப்பட்டது. பின்னாளில் செம்பனை பரவியபோது, பழக்குலை ஏற்றிய லோரிகள் செம்மண் பாதைகளில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்தன. குழிகளில் வண்டி குலுங்க, ஓட்டுநர் நிமிடத்துக்கு நிமிடம் கியர் மாற்ற, சாலை லோரியைவிடத் தோட்ட லோரியின் லீவர் விரைவில் தளர்ந்தது.

நேர் லீவர் காலம்

தொடக்ககால லோரிகளுக்கு மூக்கு நீளம். எஞ்சின் முன்னால் மூடிக்குள் இருந்தது. அதன் பின்னே கியர் பெட்டி ஓட்டுநரின் காலடியிலேயே அமைந்தது. லீவர் நேராகப் பெட்டியின் மேல் மூடியில் நின்றது. அதன் கீழ்ப்பகுதியில் ஓர் உருண்டை, உருண்டையைத் தாங்க ஒரு கிண்ணம், மேலிருந்து அழுத்த ஒரு ஸ்பிரிங். லீவரின் நுனி பெட்டிக்குள் இறங்கி, கியர்களை நகர்த்தும் ஃபோர்க்குகளின் தண்டில் உள்ள பள்ளத்தில் நுழைந்தது. இடையில் வேறு இணைப்பே கிடையாது.

பிரான்சின் பனார் எ லவாசோர் நிறுவனம் 1890களில் பரவச் செய்த வழுக்குப் பல்சக்கர முறையில்தான் அன்றைய பெட்டிகள் இயங்கின. பல்சக்கரங்களை நேரடியாகத் தள்ளிக் கோக்க வேண்டும். வேகம் பொருந்தாவிட்டால் பற்கள் மோதி அலறும். அதனால் ஓட்டுநர் கிளட்ச்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சின் வேகத்தைச் சரிப்படுத்தி, கைக்குத் தெரியும் அதிர்வை வைத்துக் கியர் போட்டார். வேகத்தைத் தானே பொருத்தும் சிங்க்ரோமெஷ் முறையை 1928இல் காடிலாக் கார் அறிமுகப்படுத்தியது. லோரிகளுக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின.

இந்தப் பெட்டிகளில் ஆட்டம் விழும் இடங்கள் சில மட்டுமே: உருண்டை, கிண்ணம், ஸ்பிரிங், லீவர் சுழலாமல் தடுக்கும் சிறு பின், பள்ளத்தில் உரசும் நுனி. தேய்ந்த நுனியில் வெல்டிங் போட்டு உலோகம் ஏற்றி, அரத்தால் பழைய அளவுக்குத் தேய்ப்பது வழக்கம். கிண்ணம் தேய்ந்தால் அடியில் தகடு வைத்து உயர்த்துவார்கள். ஸ்பிரிங் சோர்ந்தால் மாற்றுவார்கள். உதிரிபாகம் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வர வேண்டிய காலத்தில், இருப்பதைத் திருத்துவதே சிக்கனமும் விரைவுமான வழியாக இருந்தது.

போரும் தட்டுப்பாடும்

1942 ஜனவரி 11இல் ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் நுழைந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் பிரிட்டிஷ், அமெரிக்க உதிரிபாகங்கள் வரவே இல்லை. பெட்ரோல் அருகியதால் கரிவாயுவில் வண்டிகள் ஓடின. ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயும் எரிபொருளாயிற்று. ஒரு வண்டியின் உறுப்பை இன்னொரு வண்டிக்குப் பொருத்துவதும், இல்லாத உறுப்பைக் கையால் செய்வதும் தவிர்க்க முடியாதவை ஆயின. 1945இன் தொடக்கத்தில் அமெரிக்க பி-29 விமானங்கள் செந்தூல் பட்டறையைக் குண்டுவீசிச் சிதைத்தன.

போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியபோது இராணுவ லோரிகள் ஏராளமாக வந்தன. கழித்துவிடப்பட்ட அந்த வண்டிகள் ஏலத்தில் கைமாறின. சில காட்டுக்குப் போய் மரம் இழுத்தன. கேபினைக் குறைத்து, வின்ச் பூட்டி, மலைச்சரிவுக்கேற்ப மாற்றிக் கட்டப்பட்ட அவை ‘சான் தாய் வோங்’ என்று பெயர் பெற்றுப் பல பத்தாண்டுகள் உழைத்தன. அவற்றின் தயாரிப்பாளர்கள் உதிரிபாகம் செய்வதை நிறுத்திய பிறகும் வண்டிகள் ஓடியதற்கு லேத்தும் வெல்டிங் கருவியும் வைத்திருந்த உள்ளூர்ப் பட்டறைகளே காரணம். மலேசியப் பட்டறைத் தொழிலின் துணிச்சலும் கைத்தேர்ச்சியும் முழுமையாக வெளிப்பட்டது இந்தத் தலைமுறையில்தான்.

பெட்போர்டும் நீண்ட கம்பியும்

1950களிலும் 1960களிலும் மலாயாச் சாலைகளில் பிரிட்டிஷ் லோரிகளே மிகுந்திருந்தன. அவற்றில் பெரும்பெயர் பெற்றது பெட்போர்ட். வாக்ஸ்ஹால் நிறுவனம் 1931இல் தொடங்கிய இந்த லோரி வகை, 1959இல் டிகே என்ற மாதிரியை வெளியிட்டது. அதில் மூக்கு இல்லை. ஓட்டுநர் முன்சக்கரத்தின் பக்கம் நகர்ந்துவிட்டார். எஞ்சின் இருக்கைக்குப் பின்புறம் போனது. அதே நீளத்தில் அதிகச் சரக்கு ஏற்ற முடிந்ததால் சரக்கு நிறுவனங்கள் அதை விரும்பின.

ஆனால் கியர் பெட்டி ஓட்டுநரின் காலடியை விட்டு வெகுதூரம் பின்னுக்குச் சென்றது. ஓட்டுநரின் இடக்கைப் பக்கம் நின்ற லீவரின் அசைவு, நீண்ட கம்பி வழியாகவே பெட்டியை அடைந்தது. கம்பியின் இரு முனைகளிலும் மூட்டுகள், நடுவில் தாங்கும் புஷ்கள். ஒவ்வொரு மூட்டிலும் விழும் தேய்வு சிறியது. எல்லாம் கூடும்போது லீவரின் தலையில் அது ஒரு சாண் அசைவாகத் தெரியும். மேலும் எஞ்சினும் பெட்டியும் ரப்பர்த் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், தாங்கி நைந்தால் பெட்டியே அசைந்து கம்பியை இழுக்கும். லீவரில் குற்றமில்லாமலேயே லீவர் ஆடும்.

பழுது தேடுவது இங்கேதான் தனிக்கலையாக வளர்ந்தது. முன்பு மூடியைத் திறந்தால் போதும். இப்போது முழு வழியையும் பின்தொடர வேண்டியதாயிற்று. நடைமுறை இதுதான்: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகு ஒருவர் லீவரை மெதுவாக இருபுறமும் ஆட்டுவார். இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் பார்ப்பார். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கும் மூட்டே குற்றவாளி. முதலில் கழன்ற போல்ட்டும் நட்டும், அடுத்து புஷ்கள், அதன்பின் பால் ஜாயிண்ட்கள், அடுத்துத் தாங்கிகள், கடைசியாகவே பெட்டியின் உள்பக்கம் என்ற வரிசை பட்டறைகளில் நிலைபெற்றது. செலவு குறைந்த இடத்திலிருந்து செலவு மிகுந்த இடத்துக்குப் போகும் வரிசை அது.

இந்த வரிசைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. லீவர் ஆடுவதும் போட்ட கியர் தானாகக் கழன்று வெளியேறுவதும் வெவ்வேறு பழுதுகள். முதலாவது பெரும்பாலும் வெளி இணைப்பில். இரண்டாவது பெட்டிக்குள்: தண்டைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் சோர்ந்திருக்கலாம், ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், பற்களின் விளிம்பு மழுங்கியிருக்கலாம். இணைப்பு முழுப் பயணத்தையும் கடத்தாததால் கியர் பாதியே விழுந்து வெளியேறுவதும் உண்டு. அதனால்தான் பெட்டியை இறக்குவதற்கு முன் வெளி இணைப்பைச் சரிபார்ப்பது நல்ல போமனின் அடையாளம். மலேசியாவில் மெக்கானிக்கை எல்லா இனத்தாரும் போமன் என்றே அழைக்கின்றனர்.

பித்தளை புஷ்

நீண்ட கம்பி வந்ததும் லேத் பட்டறைக்கு வேலை கூடியது. தேய்ந்த புஷ்ஷை அழுத்தி வெளியே எடுத்து, பின்னையும் துளையையும் அளந்து, பித்தளை அல்லது வெண்கலக் கட்டையில் புதிது கடைவார்கள். வெளிவிட்டம் துளையில் இறுக்கமாக உட்கார வேண்டும். உள்விட்டத்தில் கிரீஸ் தங்குமளவுக்கு மட்டும் இடைவெளி வேண்டும், 0.1 மில்லிமீட்டர் கூடினாலும் பல மூட்டுகள் சேரும்போது ஆட்டம் திரும்பி வந்துவிடும். பின்னும் தேய்ந்திருந்தால் புதிய புஷ்ஷால் பயனில்லை. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

நிறுவனங்கள் பின்னர் நைலான் புஷ்களுக்கு மாறின. நைலானுக்குக் கிரீஸ் அதிகம் தேவையில்லை. எஞ்சினின் அதிர்வையும் அது கைக்குக் கடத்தாது. ஆனால் எஞ்சின் சூட்டில் நாளடைவில் இறுகி வெடிக்கும். பித்தளை நெடுநாள் உழைக்கும். ஆனால் அதிர்வு லீவரில் தெரியும், கிரீஸ் வைக்க மறந்தால் பின்னைத் தின்னும். எதைப் போடுவது என்பது வண்டியின் உழைப்பைப் பொறுத்தது. கல் குவாரி லோரிக்கும் தோட்ட லோரிக்கும் பித்தளை, நகருக்குள் ஓடும் வண்டிக்கு நைலான் என்பது பொருத்தமான தேர்வு.

புஷ் மாற்றிய பிறகு நியூட்ரலைப் பொருத்துவது முக்கியமான கட்டம். பெட்டியும் நியூட்ரலில், லீவரும் நியூட்ரலின் நடுவில் நிற்கும்படி கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்து, பூட்டு நட்டை இறுக்க வேண்டும். கழற்றும் முன்பே நீளத்தைக் குறித்துக்கொள்பவருக்கு இந்த வேலை எளிது. பல ஐந்து கியர் லோரிகளில் முதல் கியரும் ரிவர்ஸும் இடது ஓரத்தில் ஒரே கோட்டில் இருக்கும். நீளம் தவறினால் ஏதோ ஒரு கியர் பாதியே விழும், அல்லது முன்னே போக வேண்டிய வண்டி பின்னே போகும். சுமையோடு காராக் நெடுஞ்சாலையின் இறக்கத்தில் கீழ் கியர் கிடைக்காமல் நியூட்ரலில் உருளும் லோரிக்கு எஞ்சினின் தடுப்பு இல்லை; பிரேக் மட்டுமே சூடேறிச் சோரும். தளர்ந்த லீவரை வசதிக்குறைவாக மட்டும் எண்ணாமல் உயிர்ப் பிரச்சினையாக ஓட்டுநர்கள் கருதியதன் காரணம் இது.

ஜப்பானிய லோரிகளும் துறைமுகமும்

1967இல் இன்றைய ஷா ஆலாமில் ஸ்வீடிஷ் மோட்டார் அசெம்பிளீஸ் ஆலை தொடங்கியதோடு வாகனங்களை உள்நாட்டில் பூட்டும் தொழில் வேரூன்றியது. 1973இல் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் திறந்தது. துறைமுகத்துக்கும் கூட்டரசு நெடுஞ்சாலை ஓரத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் இடையே லோரிகள் இரவு பகலாக ஓடின. இதே காலத்தில் இசுசு, ஹினோ, மிட்சுபிஷி ஃபூசோ, நிசான் டீசல் ஆகிய ஜப்பானிய லோரிகள் பெட்போர்டின் இடத்தைப் பிடித்தன. பெட்போர்ட் லோரித் தொழிலை அதன் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் 1980களின் நடுவில் கைவிட்டது.

ஜப்பானிய லோரிகளின் கேபின் முன்பக்கம் சாயும். எஞ்சினைப் பார்க்க அது பெரும் வசதி. ஆனால் லீவர் கேபினிலும் பெட்டி சட்டத்திலும் இருப்பதால், கேபின் சாயும்போது வளைந்தும் நீண்டும் கொடுக்கும் கூடுதல் மூட்டு வேண்டியதாயிற்று. ஆட்டம் விழ அதுவும் ஓர் இடம். சிறு லோரிகள் சிலவற்றில் லீவர் ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டியிருந்தது. அங்கே மூட்டுகள் இன்னும் அதிகம்.

தீர்வின் தன்மையும் மாறியது. ஜப்பானில் கழிக்கப்பட்ட வண்டிகளின் முன்பாதியும், எஞ்சினும் பெட்டியும் சேர்ந்த தொகுதிகளும் ‘ஹாஃப் கட்’ என்ற பெயரில் இறக்குமதியாகின. தேய்ந்த இணைப்பைக் கடைந்து திருத்துவதைவிட, ஹாஃப் கட்டிலிருந்து முழு இணைப்பையும் எடுத்து மாட்டுவது விரைவாக இருந்தது. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போகும் சரக்கு லோரிக்கு அந்த விரைவே பெரிது. லேத்தின் முன் நின்ற திறமைக்கு நிகராக, எந்த மாதிரியின் உறுப்பு எந்த மாதிரிக்குப் பொருந்தும் என்ற நினைவாற்றல் மதிப்புப் பெற்றது.

பட்டறைகளில் பெரும்பாலானவை சீனக் குடும்பங்களுடையவை. ஓட்டுநர்களாக, கெலிண்டான் எனப்படும் உதவியாளர்களாக, வெல்டர்களாக, போமன்களாக அவற்றோடு பிணைந்திருந்தனர் தமிழர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் மறைந்தபோது கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் இடம்பெயர்ந்த குடும்பங்களின் இளைஞர் பலருக்கு லோரித் தொழில் முதல் நகர வாழ்வாதாரமானது. பயிற்சி என்பது முதலாளியின் அருகே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதில் தொடங்கியது. மலாயும் தமிழும் சீனமும் கலந்த பேச்சில், ஸ்பேனரின் அளவும் உறுப்பின் பெயரும் காதால் கற்றவை. பின்னர் அரசின் தொழிற்பயிற்சிக் கழகங்களும் மலேசியத் திறன் சான்றிதழும் இந்த அறிவுக்குப் பாடத்திட்டம் அமைத்தன.

கேபிளும் அதன் பின்னும்

புதிய சிறு லோரிகளில் கம்பியின் இடத்தை இரண்டு கேபிள்கள் பிடித்தன. ஒன்று லீவரின் பக்கவாட்டு அசைவையும், மற்றொன்று முன்பின் அசைவையும் கடத்தும். கேபின் சாய்ந்தாலும் கேபிள் வளைந்து கொடுக்கும், மூட்டுகள் குறைவு. தேய்வது கேபிள் முனையின் பிளாஸ்டிக் கண்ணும் உறையும். இங்கே திருத்த ஒன்றுமில்லை, மாற்றவே முடியும். முனைக் கண்ணை மட்டும் தனியாக மாற்ற இடமிருந்தால் அது பெரிய சேமிப்பு.

கனரக லோரிகள் இன்னொரு படி சென்றன. கியரைத் தானே தேர்ந்து காற்றழுத்தத்தால் மாற்றும் வோல்வோவின் ஐ-ஷிஃப்ட் 2001இல் வந்தது. மற்ற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. அத்தகைய வண்டியில் ஓட்டுநரின் கையில் இருப்பது மின் சமிக்ஞை அனுப்பும் லீவரோ பொத்தானோ மட்டுமே. கைக்கும் பெட்டிக்கும் இடையே இயந்திர இணைப்பு இல்லாததால், ஆட்டம் என்ற பழுதே அங்கில்லை. கோளாறு வந்தால் கணினி வேண்டும்.

செந்தூல் மையப் பட்டறையின் பணிகள் பேராக்கின் பத்து காஜாவுக்கு மாற்றப்பட்டன. பிரிக்ஃபீல்ட்ஸின் ரயில்வே நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறந்தது. ஆனால் பழைய கியர் பெட்டிகொண்ட லோரிகள் தோட்டங்களிலும், குவாரிகளிலும், சிறு சரக்கு முதலாளிகளிடமும் தொடர்ந்து உழைக்கின்றன. 1994இல் அமைந்த புஸ்பாகோம் நிறுவனத்தின் வாகனப் பரிசோதனைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை செல்ல வேண்டிய கட்டாயம், வண்டியின் அடிப்பகுதியைத் தவறாமல் பார்க்கும் பழக்கத்தை உரிமையாளர்களிடம் வளர்த்தது. அப்படிப் பார்க்கும்போதே கியர் இணைப்பின் மூட்டுகளுக்குக் கிரீஸ் வைத்து, பூட்டு நட்டுகளை இறுக்கி, தேய்ந்த புஷ்ஷை உடனே மாற்றுவது பழைய லோரியைக் காக்கும் மிக மலிவான வழி. அந்த வண்டிகள் ஓடும்வரை, அளந்து கடையத் தெரிந்தவரின் தேவையும் இருக்கும். அந்தத் தேர்ச்சியை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுப்பது கிள்ளான் பள்ளத்தாக்குப் பட்டறைகளின் முன்னுள்ள கடமை.